உருமாறும் பொம்மைக்கு மதிப்புப் போட்ட வரலாறு: டோக்கியோவிலிருந்து தபசுக் கடைவீதி வரை

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கும், அதை அடுத்து கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலில் வரும் ஆவணித் தபசுக்கும் கடை போடுகிறவர்கள் வளையல், ரிப்பன், ஊதலோடு பிளாஸ்டிக் ரோபோக்களையும் தொங்கவிடுகிறார்கள். மடக்கினால் கார், விரித்தால் ரோபோ. பெரும்பாலும் பாலித்தீன் பையும் மேலே பின் அடித்த ஓர் அட்டையும்தான் அதற்கு உறை. பொம்மைச் சேகரிப்பாளர்கள் இதைக் 'காப்பி' என்று ஒதுக்குவார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த, 1984இல் வெளிவந்து பெட்டி பிரிக்காமல் கிடக்கும் ஒரு பொம்மைக்கோ ஏலத்தில் போட்டி நடக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அடிப்படையான அளவுகோல் எப்படி உருவானது, அது நம் ஊர்க் கடைவீதிப் பொம்மைக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

உருமாறும் ரோபோவின் பிறப்பை 1984 என்று எழுதுவது வழக்கம். அது 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற விற்பனைப் பெயர் பிறந்த ஆண்டு. பொறியமைப்பு அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு மூத்தது. 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த 'கெட்டர் ரோபோ' தொடரில் மூன்று விமானங்கள் சேர்ந்து ஒரு ரோபோவாகும். கார்ட்டூனில் உலோகம் பாகுபோல் இளகி ஒட்டிக்கொள்ளும். பொம்மையில் அதைச் செய்ய வழியில்லை. மறு ஆண்டு வந்த 'ரைடீன்' ரோபோ பறவையாக மாறியதைப் பொப்பி நிறுவனம் கையில் பிடிக்கும் பொம்மையிலேயே செய்து காட்டியது. எந்தத் துண்டு எதற்குள் மடங்கும், மூட்டு எங்கே வரும் என்பதைப் பொம்மை செய்பவரும் தீர்மானிக்கும் காலம் அங்கிருந்து தொடங்குகிறது.

அதே 1974இல் டகாரா நிறுவனம் 'மைக்ரோமேன்' வரிசையைத் தொடங்கியது. 1980இல் 'டயாக்ளோன்' வந்தது. 1983இல் மைக்ரோமேனின் கிளையாக 'மைக்ரோ சேஞ்ச்' வந்தது. டயாக்ளோனுக்கும் மைக்ரோ சேஞ்சுக்கும் தர்க்கம் வேறு. டயாக்ளோனின் கார்கள் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு அளவிலானவை. அவற்றை ஓட்ட விரல்நுனி அளவில் ஒரு மனிதன் உண்டு. மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளோ துப்பாக்கி, கேசட், நுண்ணோக்கி என்று வீட்டுப் பொருள்களின் வேடத்தில் வரும். கோஜின் ஓனோ, ஷோஜி கவாமோரி போன்றவர்கள் இவற்றின் வடிவமைப்பில் பங்கேற்றார்கள். கவாமோரியின் பேர் பெற்ற படைப்பு 1982ஆம் ஆண்டின் 'மேக்ரோஸ்' தொடரில் வரும் போர்விமானம். அதைப் பொம்மையாக்கிய டகடோகு நிறுவனத்தின் அச்சே 1985இல் அமெரிக்காவில் 'ஜெட்ஃபயர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

1983 டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் இந்த வரிசைகள் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கண்ணில் பட்டன. நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஹென்றி ஓரன்ஸ்டீன் என்ற பொம்மைக் கண்டுபிடிப்பாளர் டகாராவோடு உடன்பாடு ஏற்பட முக்கியக் காரணமாக இருந்தார். 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வெளிவந்தது. ஹாஸ்ப்ரோ செய்த பெரிய மாற்றம் பிளாஸ்டிக்கில் இல்லை, கதையில் இருக்கிறது: ஓட்டுநரை எடுத்துவிட்டு ரோபோவுக்கே உயிர் கொடுத்தார்கள். சில கார்களின் கதவைத் திறந்தால் யாரும் உட்காராத இருக்கை இன்றும் இருக்கும். மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதினார். ஒரே அச்சில் வார்த்து நிறத்தை மட்டும் மாற்றிய இரண்டு பொம்மைகள் அதனால் இரண்டு ஆட்கள் ஆயின. இரண்டையும் வாங்கவேண்டிய கட்டாயம், அதாவது சேகரிப்பு என்ற பழக்கம், இங்கேதான் விதைக்கப்பட்டது.

பெட்டிக்குப் பின்னால் வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிவு, சுடுதிறன், திறமை என்ற எட்டுத் தலைப்பில் ஒவ்வொரு ரோபோவுக்கும் வரைபடமாக மதிப்பெண் அச்சிட்டிருந்தார்கள். கூடவே வரும் சிவப்புத் தாளை வைத்துப் பார்த்தால்தான் அது படிக்கத் தெரியும். அந்தப் பகுதியை வெட்டிப் பத்திரப்படுத்தும்படி நிறுவனமே சொன்னது. 'ரோபோ பாயின்ட்' என்ற சிறு துண்டை வெட்டிச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் வேறு பொம்மைகளை வாங்கவும் முடிந்தது. சொன்னபடி கேட்டு வெட்டிய பிள்ளைகளின் பெட்டிகள் இன்றைய சந்தையில் 'ஊனமுற்றவை'. சொல் பேச்சுக் கேட்காத பிள்ளைக்கே லாபம் என்று தீர்ப்பளிக்கும் அளவுகோலை எப்படி முழுமனதாக ஏற்பது?

அடுத்தது அசலா நகலா என்ற கேள்வி. பண்டாயின் 'மெஷின் ரோபோ' வரிசையை டோங்கா நிறுவனம் 'கோபாட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. அதுபோகப் பெயரில்லாத போலிகளும் பெருகின. 1985 முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் வெப்பத்துக்கு நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. விரலால் தேய்த்தால் அது எந்த அணி என்பதைக் காட்டும் முகச்சின்னம் தெரியும். பொம்மையை விளையாடிப் பார்த்து மதிப்பிட்ட காலம் போய், அடையாளத்தைச் சரிபார்த்து மதிப்பிடும் காலம் வந்தது.

அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிச் சம்பளம் வாங்கத் தொடங்கியபோது மூன்றாவது கட்டம் வந்தது. முதலில் சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை நிலை குறித்துக்கொண்டார்கள். பின்பு 'ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி' போன்ற கட்டண நிறுவனங்கள் வந்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, பொம்மையை அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தன. அடைத்த பிறகு அது உருமாறாது. உருமாறுவதற்கென்றே பிறந்த பொருளின் உச்சவிலை அது உருமாறாமல் இருப்பதற்குக் கிடைக்கிறது. நம்மிடம் வேறொரு சேகரிப்பு மரபு இருக்கிறது. கொலு பொம்மையை ஆண்டுதோறும் எடுத்து, தூசி தட்டி, வெளுத்த இடத்தில் வண்ணம் தொட்டுப் படியில் வைப்பார்கள். பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மைக்கு மறுவண்ணம் பூசியதால் மதிப்புக் குறைந்தது என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பிளாஸ்டிக்குக்கும் இதில் ஒரு வாக்கு உண்டு. வெள்ளைப் பாகங்கள் வெயிலிலும் வெப்பத்திலும் மஞ்சளிக்கும். குரோம் பூச்சு உரியும். பொன்னிறத் துகள் கலந்து வார்த்த சில பிளாஸ்டிக்குகள் காலப்போக்கில் நொறுங்கிப்போகும். 1988இல் ஜப்பானில் வந்த 'பிளாக் ஜாரக்' இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் இந்த நோய் தொற்றாமல் இருப்பதில்லை. கரிசல் பூமியின் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் பரணில் கிடக்கும் பொம்மையை மூட்டில் திருகிப் பார்ப்பதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியக் கிளைக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்ஆர்எஃப் குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியது, முதல் தொழிற்சாலை கோவாவில். ஹாஸ்ப்ரோவின் அச்சுகளில் அது வார்த்த 'ஜி.ஐ. ஜோ' வீரர்கள், அமெரிக்காவில் அந்தச் சிறு பொம்மை வரிசை 1994இல் நின்ற பிறகும் இங்கே வந்துகொண்டிருந்தன. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றை இந்தியாவிலிருந்து தேடி வாங்கினார்கள். நிற வேறுபாடுகளே அவற்றுக்குச் சிறப்பாயின. இந்தியப் பிளாஸ்டிக்குக்கு உலகச் சேகரிப்பில் இடம் கிடைத்த தெளிவான சான்று இது.

ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கடைவீதிக்கு வந்த ரோபோவின் கதை வேறு. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதி நீங்கியபின் சீனப் பொம்மை பெருகியது. 2007இல் மைக்கேல் பேயின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படம் வந்து உருமாறும் காருக்குப் புது மவுசு தந்தது. 2010இல் 'எந்திரன்' படத்தின் முடிவில் ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் சேர்ந்து நின்றதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் கற்பனையை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இடையில், 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளுக்கு இந்தியா விதித்த ஆறு மாதத் தடை மார்ச்சிலேயே தளர்ந்தது.

இந்தக் காப்பிகளைப் பெட்டி, ஸ்டிக்கர், மதிப்பெண் என்று அளந்தால் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும். அவற்றைச் சான்றாகப் படித்தால் நிறையத் தெரியும். அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல், பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடச் சற்றுச் சிறிதாகவும் வரிகள் மழுங்கியும் இருக்கும். காலடியிலோ முதுகிலோ நிறுவனப் பெயரும் ஆண்டும் இருந்த இடத்தை அச்சில் அழித்திருந்தால், அங்கே காரணமில்லாத ஒரு வழவழப்பான கட்டம் தெரியும். பெயரை அழிக்க மறந்த நகல்களும் உண்டு. அதில் காணும் ஆண்டை உற்பத்தி ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வடிவ உரிமையின் ஆண்டு, அசலுக்கும் இந்த விதி பொருந்தும். மலிவாக்குவதற்காக எந்த மூட்டை விட்டுவிட்டார்கள், எத்தனை மடிப்பை இரண்டாகக் குறைத்தார்கள் என்று பார்த்தால், உருமாற்றம் என்று வாங்குபவர் ஏற்பதற்குக் குறைந்தபட்சம் எது போதும் என்பது தெரியவரும். என் கணிப்பில் பெட்டியின் மூலை மடங்கியதா என்பதைவிட இது ஆராயத்தக்க கேள்வி. எந்தத் திருவிழாவில், எந்த ஆண்டில், என்ன விலைக்கு வாங்கியது என்பதையும் வீட்டாரைக் கேட்டு எழுதி வைக்கவேண்டும்.

காலத்தைக் கணிக்க அரசாணையும் உதவுகிறது. பொம்மைகள் மீதான சுங்கவரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது, பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புக்குப் பயன்படக்கூடிய அந்த விலக்கு, அச்சில் வார்த்த ரோபோவுக்குக் கிடையாது. ஆகவே முத்திரை உள்ள ரோபோவை, மாறான சான்று இல்லாதவரை, அந்த ஆணையின் காலத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளலாம். முத்திரை இல்லாததைப் பழையது என்று மட்டும் முடிவு கட்ட இயலாது; சட்டத்துக்குத் தப்பி வந்த சரக்கும் கடைவீதியில் உண்டு. முத்திரை பல நேரம் மேலட்டையில்தான் இருக்கிறது என்பதால், சேகரிப்பவர் அந்த அட்டையையும் பொம்மையோடு சேர்த்து எடுத்துவைப்பது அவசியம்.