முத்திரை சேர்ப்பது பொடியன்மாரின் வேலையா?

போன தவணை எங்கள் பாடசாலையில் முத்திரைக் கழகத்துக்குப் பெயர் எடுத்தோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். பதினெட்டுப் பேரும் ஆண் பிள்ளைகள். நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெண் பிள்ளைகளைக் கைப்பணிக் கழகத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

இரண்டு கிழமை கழித்து, தரம் 8 மாணவி ஒருத்தி பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள். உள்ளே அவளுடைய உம்மம்மா எண்பதுகளில் சவூதியில் வீட்டுவேலை செய்தபோது ஊருக்கு அனுப்பிய கடிதங்கள். ஒவ்வொன்றும் உறையோடு, முத்திரையோடு, திகதி வாரியாக நூலால் கட்டப்பட்டிருந்தது. "ஏன் மகள் கழகத்துக்குப் பேர் தரல்ல?" என்று கேட்டோம். "அது பொடியன்மார்ற வேலையாம் சேர். வாப்பா சொன்னாரு" என்றாள்.

அந்த வாப்பாவை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு முகமில்லை. அவர் வாயால் சொன்னதை நாங்கள் பெயர்ப் பட்டியலால் சொல்லியிருந்தோம். "ஆம்பிளைகள்தான் சேர்ப்பார்கள், பொம்பிளைகளுக்கு அதில் பொறுமையோ ஆர்வமோ இல்லை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் தேடினோம். உறவுகளே, வரலாறு அதைத் தலைகீழாகச் சொல்கிறது.

1840 மே மாதம் பிரித்தானியா உலகின் முதலாவது ஒட்டும் தபால் முத்திரையை வெளியிட்டது. கறுப்பு நிறம், விலை ஒரு பென்னி, மேலே விக்டோரியா மகாராணியின் தலை. அடுத்த வருடமே, 1841 இல், லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. ஓர் இளம் பெண் தன் உடைமாற்றும் அறையின் சுவரைப் பாவித்த முத்திரைகளால் மூட ஆசைப்படுகிறாள், நண்பர்களின் உதவியோடு 16,000 சேர்ந்துவிட்டது, ஆனாலும் போதவில்லை, வீணாகக் கிடப்பவற்றைத் தந்து உதவுங்கள் என்பது அதன் சாரம். முத்திரை சேர்ப்பதைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. அது ஒரு பெண்ணுடையது.

அவளைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது பாராட்டல்ல, நையாண்டி. 1842 இல் பஞ்ச் என்ற கேலிப் பத்திரிகை, எட்டாம் ஹென்றி மன்னன் ராணிகளின் தலைகளைத் தொலைக்கக் காட்டிய அவசரத்தை விட, இந்தப் பெண்கள் ராணியின் தலைகளைச் சேர்க்கக் காட்டும் அவசரம் பெரிது என்று சிரித்தது. ஆக, அன்றைய பேச்சில் முத்திரை சேர்ப்பது "பொம்பிளைப் பைத்தியம்".

இருபது வருடங்களில் காட்சி மாறியது. முத்திரை வியாபாரிகள் வந்தார்கள், விலைப்பட்டியல்கள் அச்சாகின. 1864 இல் பாரிஸில் ஜோர்ஜ் ஹெர்பின் இந்தப் பொழுதுபோக்குக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து "பிலாட்டலி" என்று ஒரு பெயர் வைத்தார். 1866 இல் டொக்டர் லெகிராண்ட் முத்திரையின் ஓரப் பற்களை அளக்கும் அளவுகோலை அறிமுகப்படுத்தினார். 1869 இல் லண்டனில் முத்திரைச் சங்கம் தொடங்கியது. சேர்க்கும் பொருள் அதே கடதாசித் துண்டுதான். ஆனால் அதைக் கையில் எடுத்தவர்கள் கனவான்கள் என்றானதும் பைத்தியம் அறிவியலாகிவிட்டது. பிறகு அதுவே "பொடியன்மாரின் பொழுதுபோக்கு" ஆகி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பெண்கள் எங்கே போனார்கள்? முதலில் காசையும் சட்டத்தையும் பாருங்கள். 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தில் திருமணமான பெண்ணின் கையில் இருந்த அசையும் பொருட்கள் பெரும்பாலும் சட்டப்படி கணவனுடையவை. அவள் வருடக்கணக்காகச் சேர்த்த அல்பமும் அதில் அடங்கும்.

அடுத்தது பெயர். அடிலெய்ட் லூசி ஃபென்டன் என்ற பெண்மணி அந்தக் காலத்து முத்திரைச் சஞ்சிகைகளில் நிறைய எழுதியவர். பல கட்டுரைகளை ஹெர்பர்ட் கமோயன்ஸ் என்ற ஆண் பெயரில் எழுதினார். 1921 இல் சிறந்த முத்திரை ஆய்வாளர்களின் கௌரவப் பட்டியல் ஆரம்பமானபோது, காலஞ்சென்ற முன்னோடிகளை "முத்திரைத் துறையின் தந்தையர்" என்று அதில் சேர்த்தார்கள். அந்தத் தந்தையர் வரிசையில் ஃபென்டன் அம்மையாரும் இருக்கிறார்! அவருக்குப் பொருந்தும் ஒரு சொல்கூட அவர்களிடம் இருக்கவில்லை.

அந்தப் பட்டியலில் தன் கையாலேயே ஒப்பமிட்ட முதலாவது பெண் அமெரிக்காவின் லூயிஸ் போய்ட் டேல். வருடம் 1956. பட்டியல் தொடங்கி 35 வருடங்களுக்குப் பிறகு. அவர் பிரபல சேகரிப்பாளர் அல்பிரட் லிக்டென்ஸ்டைனின் மகள். தகப்பனின் அல்பம் அவருக்கு எட்டாத இடத்தில் இருக்கவில்லை.

இப்போது திரும்ப அந்த பிஸ்கட் டின்னுக்கு வருவோம்.

எங்கள் கழகத்துப் பொடியன்மார் கெட்டிக்காரர்கள். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வந்தது, அதன் விலை ஆறு பென்ஸ் என்று தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் கையில் ஓர் உறை கிடைத்தால் முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு உறையை எறிந்துவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் பழக்கினோம். தபால் வரலாற்றை ஆராய்பவர்களோ உறையை முழுதாகவே தேடுகிறார்கள். எந்த ஊரில் போட்டது, எந்தத் திகதி, எந்த வழியாக வந்தது என்பதை உறையில் விழுந்த குறிகள்தான் சொல்லும். ஒன்றையும் கிழிக்காமல் கட்டிவைத்த அந்தக் குடும்பத்துப் பெண்கள், எங்கள் கழகத்தை விட நல்ல சேகரிப்பாளர்கள்.

இன்னொன்றும் உறைத்தது. எங்கள் பொடியன்மாரின் அல்பங்களில் இருக்கும் சவூதி, குவைத் முத்திரைகளில் பல, பிள்ளைகளை விட்டுவிட்டு உழைக்கப் போன உம்மாமாரின், சாச்சிமாரின் கடிதங்களிலிருந்து கழன்றவை. அனுப்பியவர் பெண். பத்திரப்படுத்தியவர் பெண். "சேகரிப்பாளர்" என்ற பட்டம் மட்டும் பொடியனுக்கு.

எங்கள் வீடுகளில் வட்டா, படிக்கம், பழைய சருவம், காலாவதியான நாணயம் என்று எத்தனை மூத்தம்மாமார் காத்து வைத்திருக்கிறார்கள்! நாங்கள் அதற்கு "பழைய சாமானை அடுக்கி வைக்கிறது" என்று பெயர் சொன்னோம். அதையே ஓர் ஆண் செய்து கண்ணாடி அலுமாரியில் வைத்தால் நூதனசாலை என்போம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ரசனையில் வித்தியாசமே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. இருக்கலாம். ஆனால் ஒரே பொழுதுபோக்கு ஒரு தலைமுறையில் பெண்ணுடையதாகவும் அடுத்த தலைமுறையில் ஆணுடையதாகவும் மாறியிருக்கிறது என்றால், அது பிறவிக் குணமாக இருக்க முடியாது. யாருக்குக் காசு, யாருக்கு நேரம், யாருக்குச் சங்கத்தின் கதவு திறந்திருந்தது என்பதுதான் கணக்கு.

இந்தத் தவணை பட்டியலைத் திரும்ப எடுக்கிறோம். முதலாவது பெயர் எழுதியாகிவிட்டது. அந்த வாப்பாவே வந்து ஒப்பமிட்டுத் தந்தார். டின்னில் இருந்த கடிதங்களை அவர் அன்றுவரை வாசித்ததில்லையாம். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவருடைய மாமியார் எழுதியவை அவை.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். பெருநாளைக்கு வீடு ஒதுக்கும்போது எறிந்துவிடாதீர்கள். அதை யார் சேர்த்தது என்று கேட்டு, அவருடைய பெயரை மூடியில் எழுதி வையுங்கள்.