ஆபரேசன் முடிந்த பிறகும் மெல்ல வராதது ஏன்?

முள்ளுக்குறிச்சியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொல்லிமலைப் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தோம். எட்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும் சுளையை ஒரே பக்கம் ஒதுக்கி ரொம்ப நேரம் மென்றான். அவனுக்குப் பிறவியிலேயே உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். "அதான் ஆபரேசன் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் மெல்ல வரலை?" என்று அவன் பாட்டி என்னிடம் கேட்டார். நான் கம்ப்யூட்டர்க்காரன், டாக்டர் இல்லை. ஆனாலும் தேடிப் படித்தேன்.

பிளவு பிரிப்பது உதட்டுத் தசையையும் அண்ணத்தைத் தூக்கும் தசையையும்தான். மெல்லும் தசைகள் வேறு. பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் மாசிட்டரும், நெற்றிப்பொட்டில் அசையும் டெம்போராலிஸும் பிளவில் அறுபடுவதில்லை. ஆனால் மேல்தாடை பின்தங்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் போனால், நல்ல தசையாலும் முழுப் பலத்தில் மெல்ல முடியாது. பொருந்துகிற பக்கத்துக்கே வேலை போகும்.

மேல்தாடை ஏன் பின்தங்குகிறது? இங்கேதான் வரலாறு வருகிறது.

1819-ல் பாரிஸில் ரூ என்ற மருத்துவர், ஜான் ஸ்டீபன்சன் என்ற மருத்துவ மாணவரின் மெல்லண்ணத்தைத் தைத்தார். மாணவருக்குப் பேச்சு தெளிந்தது. 1861-ல் ஜெர்மனியின் லாங்கன்பெக், எலும்போடு ஒட்டிய சவ்வையும் சேர்த்துப் பெயர்த்து வன்அண்ணத்தை மூடும் முறையை வெளியிட்டார். 

தாடை வளர்ச்சி பற்றிய ஒரு பெரிய விடை நம் பக்கத்திலிருந்தே கிடைத்தது. 1980களில் மைக்கேல் மார்ஸின் பிரிட்டிஷ் குழு இலங்கையின் காலி நகரில் வேலை செய்தது. ஆபரேசனே இல்லாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்கள் அங்கே நிறையப் பேர். 13 வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட ஆண்களை அளந்து, மார்ஸும் ஹூஸ்டனும் 1990-ல் எழுதினார்கள்: தைக்காதவர்களின் மேல்தாடைக்கு இயல்பாக வளரும் திறன் இருக்கிறது. அப்படியானால் பிளவு மட்டும் குற்றவாளி இல்லை. தைத்த இடத்துத் தழும்பும் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கிறது.

அதற்காக ஆபரேசனைத் தள்ளிப்போட முடியுமா? கூடாது. அண்ணம் மூடாவிட்டால் பேச்சு தெளியாது. பேச்சுக்காக முன்னாலேயே தைக்கிறோம். அதன் விலையைத் தாடை பின்னால் கொடுக்கிறது. கோரைப்பல் முளைக்கும் முன், சுமார் 8 முதல் 11 வயதுக்குள், ஈறுப் பிளவில் எலும்பு வைக்கிறார்கள். பிறகு பல்வரிசையைச் சீராக்குகிறார்கள்.

பாட்டிக்குப் போனில் சொன்னேன்: "தையல் முடிஞ்சது, வைத்தியம் முடியலைங்க. பையனுக்கு இப்பத்தான் சரியான வயசு. பல் டாக்டர்கிட்டயும் காட்டுங்க."