தங்கிப் படித்தல்

கல்லூரியிற் சேரும் மாணவன் விடுதியிலேயே வசித்தாக வேண்டும் என்னும் நிபந்தனையைக் கேட்டுப் பெற்றோர் முகம் சுளிக்கின்ற இந்நாளில், அந்நிபந்தனை ஆதியில் யார் தலைமேல் சுமத்தப்பட்டது என்று விசாரிப்பதற்குப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையின் பழங்கதை மிகவும் உபயோகமானது.

கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்ட முதலாம் ராஜேந்திரன் காலத்தில், எண்ணாயிரம் என்னும் ஊரில் 14 ஆசிரியர்களிடம் 340 வித்யார்த்திகள் பயின்றார்கள். அவர்களுள் இளையோர் 270 பேருக்குத் தலைக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், மூத்தோர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி நெல்லும் அளக்கும்படி நிலம் விடப்பட்டிருந்ததை அவ்வூர்க் கல்வெட்டு விளக்குகின்றது. அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் சாஸனமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, மாணாக்கர் படுக்கப் பாயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெயும் நியமித்திருக்கிறது. எண்ணெய் ஸ்நானத்தைக்கூட நினைவில் வைத்துக்கொண்ட அந்த நிர்வாகத்தார்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த தர்மம் வைதிகக் கல்வி பயில்வோரோடு நின்றது. நிலத்தை உழுது அந்த நெல்லை விளைவித்தவன் மகனுக்கு அங்கே இலை போடப்படவில்லை.

அரசரின் போஷணை மறைந்த பின்னர் நேர்ந்ததை அறிய உ. வே. சாமிநாதையரின் சுயசரிதையைப் பார்க்க வேண்டும். 1855-இல் பிறந்த அவர் அரியலூரில் சடகோபையங்காரிடமும், பின்பு குன்னத்திலும் கார்குடியிலும் தமிழ் கற்று, பெரம்பலூருக்கு அருகிலுள்ள செங்கணத்துக்குச் சென்று விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். பிள்ளை படிக்க வேண்டுமென்று தகப்பனார், தம் சங்கீதத்தையும் கதாப்பிரசங்கத்தையும் நம்பி, குடும்பத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோனார். அங்கே மாணாக்கன் வசிக்கும் இடத்தை நிர்ணயித்தது எந்தச் சட்டமுமன்று. ஆசிரியர் எங்கேயோ அங்கே அரிசி கிடைக்குமா என்னும் கேள்விதான். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதும் அதே கவலை தொடர்ந்தது. அவ்வளவு பெரிய ஆசிரியர் மனமுவந்து பாடம் சொல்ல இசைந்தும், ஆசாரத்தை உத்தேசித்து மாணாக்கருடைய ஆகாரத்துக்கு வேறிடம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு ஏழைத் தகப்பனார் தலையில் விழுந்தது.

இந்தப் பொறுப்பை மீண்டும் ஸ்தாபனத்தின்மேல் ஏற்றியது, கர்ஸான் பிரபு காலத்தில் பிறந்த 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வசிக்காத மாணவர்க்குக் கல்லூரியிலேயாவது, கல்லூரி அங்கீகரித்த ஜாகையிலேயாவது இடம் வசதி செய்துதர வேண்டும் என்பதை அது, இணைப்புக் கோரும் கல்லூரிக்கு ஒரு நிபந்தனையாக்கிற்று. மாணவர்மீது கண்காணிப்பு வேண்டும் என்பதும் அதே வாசகத்தில் இருந்தது. மாணவர் அரசியலில் இறங்குவதை விரும்பாத சர்க்கார் அதைப் பரிவினால் மட்டும் எழுதியதென்று நான் நம்பவில்லை.

இச்சீமைப் பிள்ளைகளுக்கோ திருச்சிராப்பள்ளியும், 1929-இல் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே தோன்றிய சிதம்பரத்து அண்ணாமலையும் நெடுங்காலம் புகலிடமாயிருந்தன. அரியலூரில் அரசு கலைக் கல்லூரி 1965-இல் வந்தபின், விடியற்காலைப் பஸ்ஸில் வந்து மாலையில் வீடு திரும்பிப் படிக்கலாம் என்ற நிலை பல கிராமத்தாருக்கு ஏற்பட்டது. ஊருக்குள் பஸ் வராத பிள்ளைக்கு ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சோறு இலவசம். எண்ணாயிரத்து நெல் இங்கேதான், ஆளை மாற்றிக்கொண்டு, மறுபடி அளக்கப்படுகின்றது.

தனியார் தொழிற்கல்லூரிகள் பெருகிய பிறகு விடுதிவாசம், மெஸ் பில்லாகத் தகப்பனாரிடமே திரும்பி வந்தது. அரியலூருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் வந்தது. மறு வருஷமே வெளியான முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள், இருப்பிடம் கொடுப்பது கல்லூரிக்குக் கட்டாயம், அதில் தங்குவது மாணவருக்குக் கட்டாயமன்று என்று எழுதியிருக்கின்றன.