எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: பின்னர் வரக்கூடிய சிக்கல்களும் தீர்வுகளும்



உடல் பருமனும், அதோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவையும் நம் வீடுகளில் இன்று சாதாரணமாகிவிட்டன. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் எடை குறையாதவர்களுக்கு மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி, பி.எம்.ஐ. அளவு 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஆகவே நம் குடும்பங்களிலும் இந்தச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் கூடி வருகிறார்கள்.

2024-ல் சென்னை அருகே இந்தச் சிகிச்சையின்போது ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்ததும் பலர் பயந்துபோனார்கள். மறுபக்கம், சில நாட்களில் வீடு திரும்பி புது வாழ்வு தொடங்கலாம் என்ற விளம்பரங்களும் வருகின்றன. அனுபவமுள்ள குழு செய்தால் உயிரிழப்பு அபாயம் மிகக் குறைவு. பித்தப்பையை அகற்றும் ஆபரேஷனோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கிறது. ஆனால் சிக்கல்கள் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தலைகாட்டுகின்றன. அவற்றை முதலில் பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். எனவே நோயாளி மட்டுமின்றி, குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

என்ன செய்கிறார்கள்?

நம் நாட்டில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு வகை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி அகற்றப்படுகிறது. மீதமிருப்பது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். ஸ்லீவ் முறையில் சாப்பிடும் அளவு குறைகிறது. பைபாஸில் அளவு குறைவதோடு, உணவு குடலின் ஒரு பகுதியைத் தொடாமலே கடந்துவிடுவதால் சத்துக்கள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. பின்வரும் சிக்கல்களில் எது யாருக்கு வரும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. எந்த முறை செய்யப்பட்டது என்பதை எழுதி வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

முதல் 30 நாட்கள்

*கசிவு:* தைத்த இடத்திலிருந்து இரைப்பை நீர் வயிற்றுக்குள் கசிவது. நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு வரலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். காய்ச்சல், வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றுக்கெல்லாம் முன்பே நாடித்துடிப்பு வேகமாகிவிடும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சி.டி. ஸ்கேன் மூலம் கண்டறிந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தேங்கிய நீரைக் குழாய் வைத்து வெளியேற்றுவார்கள். சிலருக்கு எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட் வைக்கப்படும். சிலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

*இரத்தக் கசிவு:* முதல் சில நாட்களில் தலைசுற்றல், வெளிறிப்போதல், கருப்பாக மலம் போதல், இரத்த வாந்தி ஆகியவை தோன்றலாம். பலருக்கு இரத்தம் ஏற்றிக் கண்காணித்தாலே நின்றுவிடும்.

*இரத்தக் கட்டி:* காலில் உறையும் இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச் சதையில் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால் தாமதிக்கக் கூடாது. இதைத் தடுக்கத்தான் ஆபரேஷன் நடந்த அன்றே நடக்கச் சொல்கிறார்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று அன்பின் காரணமாக நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பது அவருக்குத் தீங்காகவே முடியும்.

இரத்தம் உறையாமலிருக்கப் போடப்படும் ஹெபாரின், எனாக்ஸாபாரின் ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுபவை. இதை அறிந்து சிலர் கடைசி நேரத்தில் மறுக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். ஃபோண்டாபாரினக்ஸ் என்ற செயற்கை மருந்து இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார். பொருந்தாவிட்டால், நிர்ப்பந்த நிலையில் உள்ளவர் மீது குற்றமில்லை என்று அல்குர்ஆன் (2:173) கூறுவதை நினைவில் வைத்து, உங்கள் பகுதி ஆலிமிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். யாரையும் கேட்காமல் ஊசியை மட்டும் தவிர்த்துவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

வாந்தி நிற்கவில்லையா?

வேகமாகச் சாப்பிட்டாலோ, மென்று விழுங்காவிட்டாலோ ஓரிரு முறை வாந்தி வருவது இயல்பு. ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாக பலூன் வைத்து விரிவாக்கி இதைச் சரிசெய்கிறார்கள்.

இதில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாடு. உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கு மட்டுமே போதும். தொடர் வாந்தியில் அது தீர்ந்துபோனால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சிலும் நினைவிலும் குழப்பம் வரும். கவனிக்காவிட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

நம் ஊர்களில் வாந்தி, சோர்வு என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது வழக்கம். தயமின் குறைந்த உடலில் குளுக்கோஸ் ஏறினால், எஞ்சியிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், "இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி வேண்டுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.

மாதங்கள், ஆண்டுகள் கழித்து வருபவை

*டம்பிங்:* பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம். இனிப்பான உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வட்டிலப்பம், ஃபலூடா, ரோஸ் மில்க், சர்பத் ஆகியவை இதைத் தூண்டும். கொஞ்சமாகச் சாப்பிடுவது, முட்டை, மீன், கோழி போன்ற புரதத்தை முதலில் உண்பது, உணவோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவது ஆகியவற்றால் பெரும்பாலும் கட்டுப்படும். கல்யாண வீட்டில் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள்.

*பித்தப்பைக் கல்:* எடை வேகமாகக் குறையும்போது உருவாகிறது. தடுப்பதற்காக முதல் 6 மாதங்களுக்கு மாத்திரை தரப்படுவதுண்டு. வலப்பக்க மேல்வயிற்றில் வலி வந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

*நெஞ்செரிச்சல்:* ஸ்லீவ் முறைக்குப் பின் சிலருக்குக் கூடும். முதலில் மாத்திரை, அதற்கும் கட்டுப்படாவிட்டால் பைபாஸாக மாற்ற நேரிடலாம்.

*குடற்புண்:* பைபாஸில் இணைத்த இடத்தில் வருவது. புகைபிடித்தலும், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் முக்கியக் காரணங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை விட வேண்டும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

*உள் குடலிறக்கம்:* பைபாஸ் செய்தவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்த பிறகு, வயிற்றுக்குள் உண்டான இடைவெளியில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்று வலி இதன் அடையாளம். ஆண்டுகள் கடந்தும் வரலாம். "வாயு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. குடல் அழுகும் முன் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

*முடி உதிர்தல்:* மூன்றாவது மாதம் தொடங்கிப் பலருக்கு வரும். பெரும்பாலும் தற்காலிகமானது, புரதமும் இரும்புச் சத்தும் சரியானால் வளர்ந்துவிடும்.

வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரைகள்

எடை குறைந்து ஆரோக்கியமாகத் தெரிந்ததும் பலர் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். இரும்பு, வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றின் குறைபாடு மெதுவாக வரும். இரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், எலும்பு தேய்தல் என வெளிப்படும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். பி12 குறைபாட்டால் வரும் நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், பிரித்துப் பிரித்து 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் என்பது பொதுவான அளவு. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயோ சுலைமானியோ குடித்தால் சத்து உடலில் சேராது. முதல் ஆண்டில் 3, 6, 12-வது மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

காப்ஸ்யூல் உறையில் உள்ள ஜெலட்டின் ஹலாலா என்ற சந்தேகத்தில் மாத்திரையையே விட்டுவிடுபவர்களும் உண்டு. அதற்கு அவசியமில்லை. இதே சத்துக்கள் சாதாரண மாத்திரையாகவும், மென்று தின்னும் மாத்திரையாகவும், சிரப்பாகவும், தாவர உறையுள்ள காப்ஸ்யூலாகவும் கிடைக்கின்றன. பி12-ஐ ஊசியாகவும் போடலாம். மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

பழைய மருந்துகள்

பலருக்குச் சில நாட்களிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலினும் மாத்திரையும் தொடர்ந்தால் மயக்கம் வரும். வீட்டில் அளந்து பார்த்து, மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். நாமாக நிறுத்துவதும் தவறு.

பெண்கள் கவனத்துக்கு

எடை குறையும்போது மாதவிடாய் சீராகி, நீண்ட காலம் குழந்தையில்லாதவர்களும் கருத்தரிக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எடை வேகமாகக் குறையும் காலத்தில் கருவுக்குப் போதிய சத்து கிடைக்காது என்பதால், 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு முறையைக் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது வழக்கம். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு அது டம்பிங்கை உண்டாக்கும். முன்பே சொல்லிவிட்டால், ஒரு வாரம் வீட்டிலேயே சர்க்கரை அளந்து பார்க்கும் மாற்று முறையைத் தருவார்கள். கர்ப்ப காலத்தில் கடும் வயிற்று வலி வந்தால் உள் குடலிறக்கமாக இருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நோன்பும் பயணமும்

சிறிய இரைப்பையால் தண்ணீரை மடக்கு மடக்காகவே குடிக்க முடியும். இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையிலான நேரத்துக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீரும், 60 கிராம் புரதமும், இடைவெளி விட்டுப் போட வேண்டிய மாத்திரைகளும் உள்ளே போக வேண்டும். முதல் ஆண்டில் பெரும்பாலானோரால் இது இயலாது. அதனால்தான் குறைந்தது ஓராண்டாவது நோன்பு வேண்டாம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நோயாளிகள் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான் (2:184, 185). அந்தச் சலுகையைப் பயன்படுத்த வெட்கப்படவோ, வீட்டார் குறை சொல்லவோ தேவையில்லை. பிறகு நோற்கத் தொடங்கும்போது ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழமும் சில மடக்குத் தண்ணீரும் போதும். வடை, சமோசாவைத் தள்ளிவைத்து, சற்று நேரம் கழித்துப் புரத உணவு உண்ணுங்கள்.

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்து, ஆபரேஷன் செய்துகொண்டு உடனே விமானம் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கசிவும் இரத்தக் கட்டியும் வரக்கூடிய காலம் அதுவே. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்து பறப்பது ஆபத்தைக் கூட்டும். விடுமுறையை நீட்டிக்க முடியாவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். உம்ரா, ஹஜ் பயணத்தையும் மருத்துவர் அனுமதியோடு திட்டமிடுங்கள். வெயிலில் நீரிழப்பு இவர்களுக்கு விரைவாக வரும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

- ஓய்விலும் நாடித்துடிப்பு 120-க்கு மேல்
- காய்ச்சலோடு வயிற்று வலி அல்லது தோள்பட்டை வலி
- திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் வீக்கம்
- இரத்த வாந்தி, கருப்பு மலம்
- ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காத வாந்தி, சிறுநீர் மிகவும் குறைதல்
- பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், குழப்பம்
- விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்று வலி, எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும்

முடிந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே செல்லுங்கள். தூரமென்றால் அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். அதன் படத்தைக் குடும்பத்தில் இருவர் கைபேசியிலாவது வைத்திருங்கள்.

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று வழிகாட்டியதும் அவர்களே. ஆபரேஷன் இரைப்பையைச் சிறிதாக்கும். அதற்கேற்ற உணவு முறையையும் மாத்திரையையும் பரிசோதனையையும் வாழ்நாள் முழுதும் கடைப்பிடிக்க வேண்டியது நாம்தான். இந்தச் சிகிச்சைக்கு முடிவெடுத்துள்ள குடும்பங்கள், ஆபரேஷனுக்கான செலவோடு, பின்வரும் ஆண்டுகளின் மருந்துக்கும் பரிசோதனைக்குமான செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு இறங்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.