ஒரு பாய்மரமும் பத்தொன்பது ஆண்டுகளும்

கண்டி மலைசூழ் நகரம். மகாவலி கங்கை அதனை வளைத்து ஓடினும், பாறைகளும் நீர்வீழ்வுகளும் நிறைந்த அவ்வாற்றின் மேற்பகுதி பாய்க்கலங்களுக்கு உரியதன்று. எனினும், 17ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் தலைசிறந்ததாகக் கொள்ளப்படும் நூல் தோன்றுவதற்கு ஒரு கப்பலின் பாய்மரமே காரணமாயிற்று. றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த இலங்கை வரலாற்று நூலே அது.

நொக்ஸின் தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் 'ஆன்' என்னும் கப்பலின் தலைவராக இருந்தார். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் எழுந்த பெரும்புயலில் கலங்கள் பல அழிந்தன. 'ஆன்' கப்பலைக் காக்கும்பொருட்டு மாலுமிகள் அதன் நடுப்பாய்மரத்தை அடியோடு வெட்டிக் கடலில் வீழ்த்தினர். கப்பல் பிழைத்தது, ஆயினும் நெடும்பயணத்துக்குரிய தகுதியை இழந்தது. புதிய மரம் நாட்டும்பொருட்டு அது திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. மரம் நாட்டும் காலம் வீணாகாதிருக்கத் துணிவாணிகமும் செய்துகொள்ளலாம் என்பது கம்பனியாரின் எண்ணம்.

முறிந்த மரம் ஒன்றுக்காக அந்நிய மன்னனொருவனின் கரையில் நெடுநாள் தங்கவேண்டியது ஏன்? மரம் ஒன்றைச் செதுக்கி நிறுத்துவதோடு பணி முடிந்துவிடுவதில்லை என்பதே இதற்கு விடையாகும். நடுமரம் வீழும்போது அது தாங்கிய மேன்மரங்களும் குறுக்குமரங்களும் பாய்களும் உடன்வீழ்கின்றன. புதிய மரத்தின் அடி ஏராவின் மேலுள்ள குழியிற் சரியாகப் பொருந்துதல் வேண்டும். தளத்தைக் கடக்குமிடத்தில் ஆப்புகள் இறுக்கப்படல் வேண்டும். பக்கங்களிலும் முன்னும் பின்னும் தாங்கும் கயிறுகள் அளவறிந்து கட்டப்படல் வேண்டும். அக்காலத்துச் சணற்கயிறு புதிதாயிருக்கும்போது சுமையால் நீளும். ஆதலின் இன்று இறுகக் கட்டியது நாளை தளரும், மீண்டும் இறுக்கல் வேண்டும். அலையற்ற குடாவும் நல்ல மரமும் போதிய நாள்களும் இன்றி இவை நிறைவேறா. கொட்டியாரம் இவற்றைத் தரவல்ல இடமாயிருந்தது.

கண்டியில் அப்போது ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். மன்னனுக்கு முறைப்படி ஓலையோ காணிக்கையோ அனுப்பாதிருந்தமை ஐயத்துக்கு இடமளித்தது என நொக்ஸ் கருதுகின்றார். 1660 ஏப்ரலிற் கப்பற்றலைவரும் மகனும் மாலுமிகள் சிலரும் பிடிக்கப்பட்டனர். கப்பலில் இருந்தோருக்குச் செய்தி கூறிவருமாறு மகன் ஒருமுறை அனுப்பப்பட்டார். தப்பிச் செல்லும் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. ஆயினும் தந்தைக்களித்த வாக்கின்படி அவர் கரைக்குத் திரும்பினார். கப்பல் எஞ்சியோருடன் சென்றது. தந்தை 1661இற் சிறைநாட்டிலேயே இறந்தார். மகன் உள்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வாழ்ந்து, தொப்பி பின்னியும் நெல்லைக் கடன்கொடுத்தும் பண்டம் விற்றும் காலங்கழித்தார். இறுதியாக அவர் வாழ்ந்த எலதெத்த, பேராதனைக்கு அண்மையிலுள்ள உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்ததாகும். அங்கிருந்து புறப்பட்டே 1679 ஒக்டோபரில் அவர் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

நொக்ஸின் வரலாற்றில் மன்னனின் ஐயமும் கம்பனியின் பேராசையும் பேசப்படும் அளவுக்குப் பாய்மரம் பேசப்படுவதில்லை. ஆனால், அம்மரத்தின் பின்னணியிலுள்ள விதி கப்பலியலின் அடிப்படை விதியாகும். பாய், மரம், கயிறு, உடல், சுக்கான் என்பன தனித்தனிப் பொருள்களல்ல. ஒன்றை மாற்றினால் ஏனையவற்றையும் மாற்றியமைத்தல் இன்றியமையாதது.

இவ்விதியின் காரணம் எளிது. பாயின் மீது காற்றுச் செலுத்தும் விசை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டு நிற்பதாகக் கொள்ளலாம். நீருள் அமிழ்ந்த உடலின் பக்கவாட்டு எதிர்ப்புக்கும் அவ்வாறே ஒரு புள்ளி உண்டு. காற்றின் புள்ளி மிகப் பின்னே அமையுமாயின் கலம் காற்றை நோக்கித் திரும்ப முற்படும். மிக முன்னே அமையின் காற்றைவிட்டு விலகும். இரண்டு நிலையிலும் சுக்கானை ஓயாது இழுத்துப் பிடித்தே கலத்தை நேரே செலுத்தல் இயலும். இழுபட்ட சுக்கான் நீரைத் தடுத்து விரைவைக் கெடுக்கின்றது.

இலங்கைக் கடலோடிகள் இதனை நூலின்றியே அறிந்திருந்தனர். தப்ரபேன் எனத் தாம் அழைத்த இத்தீவின் கலங்கள், ஒடுங்கிய கால்வாய்களில் திரும்பவேண்டாதவாறு இரு முனைகளிலும் அணியம் உடையன என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி எழுதினார். பக்கமிதவை பூண்ட 'ஒருவ' என்னும் சிங்கள மீனவர் வள்ளமும் இரு முனைகளும் ஒத்த அமைப்புடையது. அதன் பக்கமிதவை எப்போதும் காற்றுவரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஆதலால் திசைமாறும்போது வள்ளம் திரும்புவதில்லை. பாய் மறுமுனைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றது. பாய் சென்றதும் சுக்கானும் முனை மாறுகின்றது. ஒன்று அசைந்தால் மற்றையதும் அசையவேண்டும் என்னும் விதி ஒவ்வொரு திசைமாற்றத்திலும் அங்கு கண்கூடாகின்றது.

ஐரோப்பியர் இவ்விதியின் நுட்பங்களை ஓட்டப்போட்டிகளிலேயே பெரிதும் கற்றனர். 1851 ஆகத்து 22ஆம் நாள் 'அமெரிக்கா' என்னும் நியூயோர்க்குக் கலம் ஆங்கிலேயக் கலங்களை வைற்றுத் தீவைச் சுற்றிய போட்டியில் வென்றது. ஆங்கிலேயரின் ஆளிநார்ப் பாய்கள் பை போலப் புடைத்து நின்றன. அமெரிக்கரின் பருத்திப் பாய்களோ தட்டையாக நின்றன. ஆயினும், வெற்றியைத் துணிக்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. அக்கலத்தின் கூரிய அணியமும் பின்சாய்ந்த மரங்களும் அப்பாய்களோடு ஒன்றி அமைந்திருந்தன.

அடுத்த பெருமாற்றம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேர்ந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் டெரிலீன் இழையைக் கண்டனர். பருத்திப் பாய் பயன்படுத்தப் பயன்படுத்த நீண்டு தன் வடிவத்தைப் பெற்றது. டெரிலீன் பாயோ தைத்தவன் கொடுத்த வடிவத்தை நெடுங்காலம் விடாது வைத்திருந்தது. ஆகவே, பாயைத் தைப்பவன் எந்த மரத்துக்கெனத் தைக்கின்றான் என்னும் வினா முன்னிலும் முதன்மை பெற்றது. சுவீடனைச் சேர்ந்த றிக்கார்ட் சார்பி 1949இல் வரைந்த 'ஃபின்' என்னும் ஒருவர் செலுத்தும் சிறுபடகில் இது தெளிவாகப் புலப்பட்டது. அதன் மரத்தைத் தாங்கும் கயிறுகளே இல்லை. மரம் காற்றில் வளையும். அவ்வளைவுக்கேற்பப் பாயின் முன்விளிம்பு வெட்டப்படல் வேண்டும். மரம் பாயின் வெட்டுக்கு மிஞ்சி வளையின் பாயிற் குறுக்குச் சுருக்கங்கள் விழும். குறைவாக வளையின் பாய் அளவுக்கு மீறிப் புடைக்கும். 1952 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இப்படகிலேயே, பின்னர் பாய் செய்யும் தொழிலிலும் புகழ்பெற்ற டென்மார்க்கின் பவுல் எல்வ்ஸ்ரொம் தம் நான்கு தங்கங்களுள் மூன்றை வென்றார். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கையின் பொறியியலாளர் இரே விஜேவர்தன போட்டியிட்டதும் இவ்வகைப் படகிலேயே ஆகும்.

தாங்குகயிறுகளும் முன்பாயும் உடைய இன்றைய ஓட்டப் படகுகளிற் புதிய பாய் கட்டுவோர் பொதுவாகச் செய்யும் தவறொன்று உண்டு. பழைய பாய்க்கென அமைத்தவற்றை அவ்வாறே விட்டுவிடுகின்றனர். பழைய பாய் தளர்ந்து அதன் புடைப்புப் பின்னோக்கி நகர்ந்திருக்கும்; அதனால் சுக்கான் கனத்திருக்கும்; அதனைத் தணிக்க மரத்தை முன்னோக்கி நிமிர்த்தியிருப்பர். புதிய பாய்க்கு அந்நோய் இல்லை; ஆனால் மருந்து மட்டும் தொடர்கின்றது. விளைவு, புதிய பாய் பழையதிலும் மெதுவாக ஓடுவதாகத் தோன்றும்.

ஆதலின் தேர்ந்தோர் முதலில் மரவுச்சியிலிருந்து படகின் பின்விளிம்புவரை அளந்து சாய்வைக் குறித்துக்கொள்கின்றனர். பாய் தைத்தவர் கூறும் அளவிலிருந்தே தொடங்குகின்றனர். அதன்பின் தாங்குகயிறுகளின் இறுக்கத்தையும் மரத்தின் வளைவையும் நோக்குகின்றனர். முன்பாயின் மேற்பகுதி முதலிற் படபடப்பின் அதன் இழுகயிறு செல்லும் இடத்தைச் சிறிது முன்னே நகர்த்துகின்றனர். கீழ்ப்பகுதி முதலிற் படபடப்பின் பின்னே நகர்த்துகின்றனர். இறுதியாகச் சுக்கானின் கனத்தை அறிந்து சாய்வைத் திருத்துகின்றனர். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, மாற்றம் செய்யாத மற்றொரு படகுடன் அருகருகே ஓடிப் பார்த்து, கண்டதை எழுதி வைக்கின்றனர். பலவற்றை ஒருங்கே மாற்றியவன் விரைவு பெற்றாலும் அதன் காரணத்தைப் பெறுவதில்லை. அடுத்த பாயைக் கட்டும்போது அவன் மீண்டும் தொடக்கத்திலேயே நிற்பான்.

போட்டிப் படகில் இவ்விதியை மறந்தவன் சில விநாடிகளை இழக்கின்றான். 'ஆன்' கப்பலின் மாலுமிகள் விதியை மறந்தவரல்லர். நன்கு அறிந்திருந்தமையாலேயே குடா தேடி வந்தனர். அவ்வறிவு வேண்டிய நாள்கள் அவர்களைக் கரையிற் கட்டிப்போட்டன. அந்நாள்களுக்குள் ஓலையும் காணிக்கையும் கண்டிக்குச் சென்றிருப்பின், மூத்த நொக்ஸ் தம் கப்பலிலேயே திரும்பியிருத்தலும் கூடும். எலதெத்தவில் தொப்பி பின்னிய இளைஞரும் அவர் எழுதிய நூலும் இருந்திருக்கமாட்டா. கடல் காணாத இம்மலைநாட்டின் வரலாறும் ஒரு பாய்மரத்தின் அடியில் தொடங்கும் பக்கமொன்றை உடையது.