கோலார் தங்கவயலின் கல்தாங்கிகள்: ஆழ்சுரங்கப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு பக்கம்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் கணக்காகவே எழுதப்பட்டுள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்ததும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பலரும் அறிந்தவை. தோண்டிய வெற்றிடத்தைத் தாங்கி நின்றது எது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்று கீழே இறங்கிய தமிழ்த் தொழிலாளருக்கோ அதுவே உயிர்வினா.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் எட்டியது. அவ்வாழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பின்மீதும் 800 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாறையெடை அழுத்தும். தாதுவை அகற்றியதும் இருபுறச் சுவர்களும் ஒன்றையொன்று நெருங்கும். பாறை தேக்கிவைத்த ஆற்றல் சிலவேளை நொடிப்பொழுதில் வெடித்துச் சிதறும். இப்பாறைவெடிப்பைப் பழைய அறிக்கைகள் 'ஏர் பிளாஸ்ட்' என்றே குறித்தன. காற்றின்மீது பழி சுமத்திய அப்பெயர் நோயை மறைத்தது என்றே கூறலாம்.

மரமுட்டுகள் அழுத்தத்திற்கு இணங்கி நசுங்கும். ஆகவே சுவர்களின் நெருக்கத்தை அவை தடுப்பதில்லை. அதனால் செதுக்கிய கருங்கற்களைக் கீழே இறக்கி, சாந்தின்றி அடுக்கித் தாங்குசுவர் எழுப்பும் முறை வேரூன்றியது. கல் விறைப்பானது. நெருக்கத்தைக் குறைக்கும், ஆனால் திடீர் அதிர்வுக்கு வளைந்துகொடுக்காது. பின்னாளில் கற்காரை நிரப்பும் முறையும் வந்தது. பொறியியல் அறிக்கைகள் பொதுவாகக் கல்லின் உறுதியை அளக்கும். வெப்பத்தில் நின்று அதை அடுக்கிய கைகளைப் பேசுவதில்லை.

தாங்கியின் பொருளைவிடத் தோண்டும் வரிசையே முதன்மையானது என்பது என் கருத்து. பாதுகாப்புக்கென விட்டுவைத்த தாதுத்தூண், சுற்றிலும் தோண்டத் தோண்டச் சுமையெல்லாம் தன்மேல் திரள, தானே வெடிக்கும் இடமாயிற்று. எங்கே எப்போது வெடிக்கிறது என்பதை அறிய 1978இல் நிலநடுக்கப் பதிவு வலையமைப்பு நிறுவப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் தங்கவயலிலேயே தோன்றியது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றதும் கீழறைகளில் நீர் ஏறியது. தோண்டுவோர் எவரும் இல்லாத அவ்வறைகளிலிருந்து மேலும் பல ஆண்டுகள் அதிர்வுகள் பதிவாயின.