கிளாக்கை யார் நிறுத்துவது: லினக்ஸ் டிரைவர்களின் மின்சிக்கன வரலாறு

ஒரு சிப்பின் பெரும்பாலான பகுதிகள் கிளாக் துடிப்புக்கு ஏற்ப இயங்குகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் நிலை மாறுகின்றன. மாறும்போதெல்லாம் மின்சாரம் செலவாகிறது. துடிப்பின் வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் செலவும் இரண்டு மடங்காகும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்காகும். வேலையில்லாத பகுதிக்குத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருப்பது வெறும் விரயம். ஆகவே துடிப்பை நிறுத்துவதுதான் சிக்கனத்தின் முதல் படி. மின்னழுத்தத்தைத் தணிப்பது அடுத்தது. மின்சாரத்தையே துண்டிப்பது கடைசிப் படி; துடிப்பு நின்ற பிறகும் கசிந்துகொண்டிருக்கும் மின்சாரத்தை அதுதான் தடுக்கும். ஆனால் துண்டித்தால் அந்தப் பகுதியின் அமைப்புகளைத் தாங்கும் ரெஜிஸ்டர்களில் இருந்த மதிப்புகள் அழிந்துபோகும். திரும்ப எழுப்பும்போது, அந்தப் பகுதியை இயக்கும் நிரலான டிரைவர் அவற்றையெல்லாம் மறுபடி எழுத வேண்டும்.

இந்த முடிவுகளை யார் எடுப்பது என்பதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை இருந்திருக்கிறது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992-இல் வெளியிட்ட ஏ.பி.எம். என்னும் மின் மேலாண்மை முறையில் பெரும்பாலும் கணினியின் அடிப்படை நிரலான பயாஸ்தான் முடிவெடுத்தது. மடிக்கணினி எப்போது உறங்கும் என்பதில் இயக்க முறைமைக்கு அதிகம் பேச்சில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.சி.பி.ஐ. அந்த அதிகாரத்தை இயக்க முறைமையிடம் கொடுத்தது. வன்பொருளின் விவரங்களை அட்டவணைகளாக எழுதித் தருவது மட்டும் கணினி தயாரிப்பாளரின் பொறுப்பாயிற்று.

கைப்பேசிக்கான ஆர்ம் சிப்களில் இந்த இரண்டில் எதுவும் இல்லை. கேமரா, ஒலி, யு.எஸ்.பி., மெமரி கார்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளாக் போகும். எதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது முழுக்க அந்தந்த டிரைவரை எழுதியவரின் தலையில் விழுந்தது.

அதற்கு ஒரு பொது மொழி 2004-இல் கிடைத்தது. ஆர்ம் நிறுவனத்துக்காக ரஸ்ஸல் கிங் எழுதிய சிறு தலைப்புக் கோப்பு ஒன்று கிளாக்கைக் கேட்டுப் பெறு, இயக்கு, வேகத்தை மாற்று, நிறுத்து, திருப்பிக் கொடு என்ற கட்டளைகளை வரையறுத்தது. அதன் அடியில் இருந்தது ஓர் எண்ணிக்கை. ஒரே கிளாக்கை இரண்டு மூன்று டிரைவர்கள் பயன்படுத்தக்கூடும் என்பதால், இயக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்து, அது பூஜ்யமாகும்போது மட்டுமே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் உண்மையில் நிறுத்தும். திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பங்குக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தன் வயலுக்குப் பாய்ந்துவிட்டது என்று ஒரு பங்காளி மோட்டாரை நிறுத்த முடியாது; கடைசி ஆள் பாய்ச்சி முடித்த பிறகுதான் நிறுத்தலாம். யாராவது ஒருவர் முடித்ததைச் சொல்லாமல் போய்விட்டால் மோட்டார் இரவெல்லாம் ஓடும். டிரைவர்களில் அடிக்கடி காணப்படும் ஒரு மின்விரயப் பிழையும் இதே வகைதான்.

எதிர்த்திசைப் பிழை இதைவிடக் கொடியது. கிளாக் நின்றிருக்கும் பகுதியின் ரெஜிஸ்டரை டிரைவர் படிக்கப் போனால், பல சிப்களில் பதிலே வராது. சிலவற்றில் பஸ் பிழை வந்து கெர்னல் சாய்ந்துவிடும். சிலவற்றில் முழுக் கருவியும் உறைந்து நிற்கும். அதனால் எழுப்பும் வரிசை முக்கியம். பொதுவாக முதலில் மின்சாரம், பிறகு கிளாக், பிறகு ரீசெட்டை விடுவித்தல். உறங்கவைக்கும்போது அதன் தலைகீழ். மின்சாரத்தைக் கேட்டுப் பெறுவதற்கான ரெகுலேட்டர் பகுதி, லியாம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் ஆகியோரின் உழைப்பில் 2008-இல் கெர்னலின் 2.6.27 பதிப்பில் சேர்ந்தது.

இடையில் கெர்னலின் சொந்தப் பழக்கம் ஒன்றும் மாற வேண்டியிருந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினாடிக்கு 100 முதல் 1000 முறை வரை டைமர் செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது அந்தத் தட்டலை விட்டுவிடும் முறை 2007 ஏப்ரலில் 2.6.21-உடன் வந்தது. அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட பவர்டாப் கருவி, செயலியை அடிக்கடி எழுப்புவது எந்த நிரல் என்று பட்டியல் போட்டுக் காட்டியது. பயன்பாட்டு நிரல்களை எழுதியவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடமான பட்டியல்.

ஒரு கருவி முழுவதையும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே தனியாக உறங்கவைக்கும் பொது முறையை ரஃபேல் வைசாக்கி எழுதினார். ரன்டைம் பி.எம். எனப்படும் அது 2009 டிசம்பரில் வெளியான 2.6.32-இல் இடம்பெற்றது. இங்கும் எண்ணிக்கைதான் ஆதாரம். கருவி தேவைப்படும்போது டிரைவர் எண்ணிக்கையைக் கூட்டும், முடிந்ததும் குறைக்கும். பூஜ்யத்துக்கு வந்ததும் கிளாக்கை மூடுவது போன்ற வேலைகளைச் செய்யும் பகுதியைக் கெர்னலே அழைக்கும். 2011-இல் பவர் டொமைன்களுக்கான பொதுப் பகுதி வந்தபின், ஒரே மின்வட்டத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் உறங்கினால் அந்த வட்டத்தையே துண்டிக்க முடிந்தது. அதே ஆண்டுகளில், கைப்பேசியை உறங்கவிடாமல் தடுக்கும் ஆண்ட்ராய்டின் வேக்லாக் முறையைக் கெர்னலில் சேர்ப்பதா என்று நீண்ட சண்டை நடந்தது. அது அப்படியே ஏற்கப்படவில்லை. அதன் வேலையைச் செய்யும் மாற்று ஏற்பாடு 2012-இல் 3.5-இல் முழுமையடைந்தது.

2004-இன் கிளாக் மொழியில் ஒரு பெரும் குறை தங்கிவிட்டிருந்தது. கட்டளைகளின் பெயர்தான் பொது. அவற்றை நிறைவேற்றும் நிரலை ஒவ்வொரு சிப் குடும்பமும் தனித்தனியே எழுதிக்கொண்டது. எண்ணிக்கை வைப்பதும் பூட்டுப் போடுவதும் திரும்பத் திரும்ப, சின்னச் சின்ன வேறுபாடுகளுடன் எழுதப்பட்டன. இரண்டு குடும்பங்களுக்கு ஒரே கெர்னலைக் கட்டவும் முடியவில்லை. ஆர்ம் நிரல்கள் இப்படிப் பெருகுவதைக் கண்டு 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே சினந்தார். கனோனிக்கல் நிறுவனத்தின் ஜெரமி கெர் தொடங்கிவைத்த வரைவை ஆர்ம் லினக்ஸுக்கான லினாரோ அமைப்பில் இருந்த மைக் டர்கெட் வளர்த்தெடுக்க, 2012 மே மாதம் 3.4 பதிப்பில் பொதுக் கிளாக் கட்டமைப்பு வந்தது.

அதில் ஏறிய முதல் சில சிப் குடும்பங்களில் ஒன்று எஸ்.டி.மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸின் ஸ்பியர். அதன் கிளாக் நிரலை எழுதிய விரேஷ் குமார், செயலியின் வேகத்தை ஏற்றி இறக்கும் சி.பி.யு.ஃப்ரீக் பகுதியின் பொறுப்பாளர்களில் ஒருவராகவும் ஆனார். 1985-லேயே பெங்களூருவில் ஆய்வு மையம் திறந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் சிப்களுக்கு ராஜேந்திர நாயக், சந்தோஷ் ஷிலிம்கர் போன்றோர் கிளாக், பவர் டொமைன், உறக்க நிலை ஆகியவற்றை எழுதினார்கள். புகழும் கவனமும் பெரும்பாலும் புதிய சிப்பின் அறிவிப்போடு நின்றுவிடுகின்றன. பேட்டரி ஒரு நாள் தாங்குவது இத்தகைய அலுப்பான நிரல்களால்தான்.

புதிய கட்டமைப்பு ‘இயக்கு’ என்ற ஒரே கட்டளையை இரண்டாகப் பிரித்துக் கையாண்டது. சில கிளாக்குகளை உருவாக்கும் பி.எல்.எல். சுற்று நிலைபெறச் சிறிது நேரம் பிடிக்கும். சில கிளாக் சிப்களை மெதுவான ஐ-ஸ்கொயர்-சி இணைப்பு வழியாகத்தான் தொட முடியும். இன்டரப்ட் கையாளும் நிரலில் அப்படிக் காத்திருக்க அனுமதியில்லை. ஆகவே காத்திருக்கக்கூடிய ‘ஆயத்தம்’ தனி, காத்திராத ‘திறப்பு’ தனி.

கெர்னல் எழுந்து முடியும் தறுவாயில், எந்த டிரைவரும் உரிமை கோராத கிளாக்குகளைக் கட்டமைப்பு தானே அணைத்துவிடும். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் திறந்துவைத்துவிட்டுப் போனவற்றை மூடும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் பூட்லோடர் ஏற்றிவைத்த திரையில் அப்படியே எழுதும் எளிய டிரைவர், தனக்குக் கிளாக் தேவை என்று சொல்வதேயில்லை. அதனால் திடீரென்று திரை கறுத்துப்போகும். ஆல்வின்னர் சிப்களைக் கொண்ட பலகைகளில் 2014-இல் இது பெரிய விவாதமாயிற்று. அந்த டிரைவரும் தன் கிளாக்குகளைக் கேட்டுப் பெறும்படி திருத்தப்பட்டது. நினைவக பஸ் போல எந்த நிலையிலும் நிறுத்தக்கூடாத கிளாக்குகளுக்குத் தனிக் குறியீடு பின்னர் சேர்க்கப்பட்டது.

ரன்டைம் பி.எம்.மின் ஓர் ஓட்டை மட்டும் பத்தாண்டுக்கு மேல் அடைபடாமலே இருந்தது. கருவியை எழுப்பும் கட்டளை தோற்றாலும் எண்ணிக்கை கூடியே நிற்கும். ‘எழவில்லை’ என்ற பதிலைக் கண்டதும் டிரைவர் எண்ணிக்கையைக் குறைக்காமல் திரும்பிவிடும். அதன்பின் அந்தக் கருவி தானாக உறங்கவே உறங்காது. நூற்றுக்கணக்கான டிரைவர்களில் இந்தத் தவறு கிடந்தது. தோற்றால் எண்ணிக்கையைத் தானே பழைய நிலைக்குக் கொண்டுவரும் புதிய கட்டளை 2020-இல் 5.10 பதிப்புடன் வந்தது. பழைய டிரைவர்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றும் வேலை அதன்பின் பல பதிப்புகளுக்கு நீண்டது.